இலை எடுக்கிறவர் யார்?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கிலாந்தில் கால்பந்தாட்டக் கோஷ்டிகளை நடத்துகிறவர்களுக்கும் அதே பட்டம்தான். ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் மும்முரமாக நடப்பது ஆடியில். ஆடி முடிந்தும் முடியாமலும் இருக்கும்போது பந்தயம் ஆரம்பம். சித்திரை, வைகாசியில் அறுவடை. நடுவே ஒவ்வொரு கோஷ்டிக்கும் 38 ஆட்டங்கள்.

ஆனால் பாருங்கள், விதை முளை விடுவதற்கு முன்பே, "இந்த வயலில் இத்தனை மூட்டை காணும்" என்று கணக்குச் சொல்ல நிபுணர்கள் கிளம்பிவிடுகிறார்கள். எந்தக் கோஷ்டிக்கு எது பலம், எது பலவீனம், யார் முதல், யார் கடைசி என்று பக்கம் பக்கமாக ஜாதகம் கணிக்கிறார்கள்.

என் அத்தையின் பேரன் கல்லூரியில் படிக்கிறான். பாடப் புத்தகத்தைத் தவிர மற்றதெல்லாம் வெகு சிரத்தையாகப் படிப்பான். சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பேரன் எதிரே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கோஷ்டியின் ஜாதகத்தையும் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். முன்னணியில் இன்னார், விலை இத்தனை கோடி. பின்னணியில் இன்னார், உயரம் இத்தனை அடி.

அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, இது கல்யாணத்துக்குச் சமையல் கோஷ்டி பேசுகிற மாதிரியல்லவா இருக்கிறது! ஜாங்கிரிக்கு யார், சாம்பாருக்கு யார் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டாய். இலை எடுக்க யார் என்று சொல்லவே இல்லையே?" என்றார்.

"இலை எடுப்பதா? அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, பாட்டி?"

"முதல் பந்தி எழுந்ததும் ஒருத்தன் ஓடி ஓடி இலை எடுக்காவிட்டால் இரண்டாம் பந்தி எங்கேடா உட்காரும்? உன் ஜாங்கிரி அண்டாவிலேயே கிடக்கும்!"

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015-ம் வருஷத்து ஞாபகம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் மகா நிபுணர்கள் அத்தனை பேரும் அந்த வருஷம் கேட்கத் தவறிய கேள்வி, அத்தை வெண்டைக்காயும் கையுமாகக் கேட்ட இந்தக் கேள்விதான்!

★

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பிரிமியர் லீக் என்ற பந்தயத்தில் 20 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு தடவை மோதும். ஜெயித்தால் 3 பாயிண்டு. சமமாக முடிந்தால் 1. முடிவில் அதிகப் பாயிண்டு வாங்கியவர் சாம்பியன். கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்களைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். கீழே இறங்கினால் வருமானம் பாதாளத்துக்குப் போய்விடும். ஆகவே, மேலே இருப்பவர்களுக்குக் கோப்பைக் கவலை. கீழே இருப்பவர்களுக்கு வயிற்றுக் கவலை.

2015 ஆகஸ்டு 8-ந் தேதி பந்தயம் தொடங்கிற்று. அதற்கு முன் கணித்த ஜாதகங்கள் எப்படி இருந்தன?

லண்டன் செல்ஸி கோஷ்டிக்குக் குரு உச்சம். முந்தைய வருஷத்துச் சாம்பியன், 87 பாயிண்டு, இரண்டாவதாக வந்த மான்செஸ்டர் ஸிடியைவிட 8 அதிகம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய ஹஸார்டு அங்கேதான். பயிற்சியாளர் மொரீன்யோ சாமானியரல்ல. பந்தயம் தொடங்குவதற்கு முதல் நாள்தான் நாலு வருஷத்துக்குப் புது ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கோஷ்டியில் பெரிய மாறுதல் எதுவும் செய்யவில்லை. "ஜெயித்த கோஷ்டி அப்படியே இருக்கிறது, இதைவிடப் பலம் வேறென்ன?" என்றார்கள்.

மான்செஸ்டர் ஸிடிக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்டெர்லிங் என்ற ஓர் இளைஞரை வாங்கவே 4 கோடி பவுனுக்கு மேல் கொட்டினார்கள். லண்டன் ஆர்ஸனல், செல்ஸியிலிருந்து கோல் காவலர் செக்கை வாங்கிக்கொண்டு, "எங்களுக்கு இது போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டது.

கடைசியில், போனால் போகிறதென்று, லெஸ்டர் ஸிடிக்கும் ஒரு பத்தி எழுதினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்கள் நிறைய வாழ்கிற, தீபாவளி அமர்க்களப்படுகிற ஊர் அது. கோஷ்டியின் ஜாதகமோ சரியான சனி தசை! முந்தைய வருஷம் நாலு மாதத்துக்கு மேல் கடைசி இடத்தில் கிடந்தது. எப்படியோ தப்பி 14-வது இடம் பிடித்தது. தப்ப வைத்த பயிற்சியாளரை ஜூன் 30-ந் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுக்களத்தின் தூணாக நின்ற காம்பியாஸோவும் விலகிவிட்டார்.

புதுப் பயிற்சியாளராக வந்தவர் கிளாடியோ ரானியேரி. இத்தாலியர், வயது 63. அதற்கு முன் கிரீஸ் தேச கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்து, சுமார் ஐம்பதாயிரம் பேரே வாழ்கிற பேரோ தீவுகளிடம் சொந்த மண்ணிலேயே தோற்று, 2014 நவம்பரில் வேலை இழந்தவர்! லெஸ்டரில் பிறந்து, அந்தக் கோஷ்டிக்கே ஆடிய பிரபல வர்ணனையாளர் கேரி லினேகர்கூட, "இவரையா பிடித்தார்கள்?" என்கிற மாதிரி பகிரங்கமாகவே முகத்தைச் சுளித்தார்.

லெஸ்டர் சாம்பியனாகும் என்று பந்தயம் கட்டினால், புக்கிகள் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சொன்னார்கள். "நடக்கவே நடக்காது" என்பதை வியாபாரிகள் இப்படித்தான் சொல்வார்கள்.

★

நடந்ததா? நடந்தே விட்டது!

2014 கிறிஸ்துமஸுக்குக் கடைசி இடத்தில் இருந்த லெஸ்டர், 2015 கிறிஸ்துமஸுக்கு முதல் இடத்தில் இருந்தது. 38 ஆட்டங்களில் 23 வெற்றி, 12 சமம், தோற்றது மூன்றே மூன்று. 81 பாயிண்டு. இரண்டாவதாக வந்த ஆர்ஸனலுக்கு 71.

செல்ஸியின் கதை என்ன? டிஸம்பர் 14-ந் தேதி அதே லெஸ்டரிடம் தோற்றது. அதுவரை 16 ஆட்டங்களில் 9 தோல்வி. 17-ந் தேதி மொரீன்யோ வெளியே. நாலு வருஷ ஒப்பந்தம் நாலு மாதச் சொச்சத்தில் முடிந்தது! கடைசியில் செல்ஸி 50 பாயிண்டோடு 10-வது இடத்தில் நின்றது.

2016 மே 2-ந் தேதி இரவு, லெஸ்டரைத் துரத்தி வந்த டாட்டன்ஹாம் கோஷ்டி, செல்ஸி மைதானத்தில் இரண்டு கோல் முன்னால் இருந்தது. அதில் ஜெயித்திருந்தால் லெஸ்டரின் நெஞ்சு இன்னும் சில நாள் படபடத்திருக்கும். செல்ஸி இரண்டையும் திருப்பிப் போட்டுவிட்டது. லெஸ்டர் ஆட்டக்காரர்கள் தங்கள் கோஷ்டியின் ஜேமி வார்டி வீட்டில் கூடி, டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தபடியே சாம்பியன் ஆனார்கள். ரானியேரி அன்று எங்கே போயிருந்தார் தெரியுமா? 96 வயதுத் தாயாரோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட இத்தாலிக்கு! சாப்பிட்டுவிட்டு இரவு ஆட்டத்துக்குள் ஊர் திரும்பிவிட்டார்.

லினேகர் கதையும் ஒன்று உண்டு. லெஸ்டர் ஜெயித்தால் வெறும் உள்ளாடையோடு டெலிவிஷனில் வந்து நிற்கிறேன் என்று ஒரு வேகத்தில் சபதம் செய்துவிட்டார். 2016 ஆகஸ்டில் அப்படியே வந்தும் நின்றார். ஜோசியம் சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு விதி இருந்தால் நாட்டில் எவ்வளவோ தொல்லை குறையும்!

★

அவ்வளவு நிபுணர்களும் கோட்டை விட்டது எங்கே?

முதலாவது, மார்க்கைக் கூட்டிப் பார்த்தார்களே தவிர, எந்தப் பரீட்சையில் எவ்வளவு என்று பார்க்கவில்லை. முந்தைய வருஷத்தில் லெஸ்டரின் மொத்தம் 41 பாயிண்டு. ஆனால் முதல் 29 ஆட்டங்களில் கிடைத்தது 19. கடைசி 9 ஆட்டங்களில் மட்டும் 22. கடைசி ஒன்பதில் ஏழு வெற்றி! வருஷ ஆரம்பத்தில் கோட்டடித்த பிள்ளை, முழுப் பரீட்சைக்குள் சுதாரித்துக்கொண்டு எழுந்துவிட்டான். ஆனால் ஆண்டு சராசரியைப் பார்த்து 'மந்தம்' என்று எழுதிவிட்டார்கள். ரானியேரியின் கெட்டிக்காரத்தனம், ஓடிக்கொண்டிருந்த வண்டியை அவர் நிறுத்திப் பிரித்துப் பார்க்காததுதான். முந்தையவர் விட்டுப்போன ஏற்பாட்டில் தேவைக்கு மட்டும் கை வைத்தார்.

இரண்டாவது, பலவீனத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கவில்லை. பின்னணியில் நின்ற மார்கன், ஹூத் இருவரும் முப்பது தாண்டியவர்கள். மலை மாதிரி ஆட்கள். ஆனால் வேகம் கிடையாது. "இவர்கள் ஓடிப் பிடிப்பதாவது!" என்றார்கள். வாஸ்தவம். ரானியேரி அவர்களை ஓடவே விடவில்லை. சொந்தக் கோலுக்குப் பக்கத்திலேயே சுவர் மாதிரி நிற்க வைத்தார். எதிரி பந்தை வைத்துக்கொண்டு முன்னேறி முன்னேறி வருவான். அவன் வீட்டு வாசல் காலியாகும். அப்போது பந்தைப் பறித்து ஒரே உதையில் முன்னால் அனுப்ப, வார்டி அம்பு மாதிரி பாய்வார். பந்தைத் தன்னிடம் வைத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டால் லெஸ்டருக்கு 20 கோஷ்டிகளில் கடைசி வரிசைதான். ஆனால் அடித்த கோல் 68!

இந்த ஏற்பாடு ஒரே நாளில் கூடி வரவில்லை. முதல் 9 ஆட்டங்களில் கோல் வாங்காமல் மீண்டது ஒன்றுகூட இல்லை. ஆர்ஸனலிடம் 5 கோல் வாங்கினார்கள். உடனே பின்னணியில் இரண்டு ஓரத்து ஆட்களையும் மாற்றினார் ரானியேரி. "ஒரு கோலும் வாங்காமல் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்துக் காட்டுங்கள், பீட்ஸா வாங்கித் தருகிறேன்" என்று குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பாலஸை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். பீட்ஸாக் கடைக்குக் கூட்டிப்போய், "நீங்களே மாவைத் தட்டுங்கள்" என்றார் கிழவர்! 2016 மார்ச் முதல் ஏப்ரல் 3-க்குள் தொடர்ந்து 4 ஆட்டங்களை அதே ஒன்றுக்குப் பூஜ்யக் கணக்கில் ஜெயித்தார்கள். தட்டின மாவு வீண் போகவில்லை.

மூன்றாவது, ஏழ்மையை ஏழ்மையாக மட்டுமே பார்த்தார்கள். பெரிய கோஷ்டிகள் வாரத்தில் இன்னொரு நாள் ஐரோப்பியப் பந்தயத்துக்கும் பறக்க வேண்டும். லெஸ்டருக்கு அந்த யோக்கியதை இல்லை. மற்ற உள்நாட்டுக் கோப்பைகளிலும் சீக்கிரமே தோற்று வெளியே வந்துவிட்டது. அதனால் ஓய்வு கிடைத்தது, காயமும் குறைவு. வருஷம் முழுவதற்கும் அவர்கள் உபயோகித்தது 23 பேரைத்தான். லீக்கிலேயே மிகக் குறைவு. காப்டன் மார்கன் ஒரு நிமிஷம்கூட வெளியே உட்காரவில்லை.

★

சரி, ஆட்களின் கதைக்கு வருவோம்.

வார்டியை 16 வயதில், "உடம்பு போதாது" என்று ஒரு கிளப் கழித்துக் கட்டிவிட்டது. பகலில் அடிபட்ட கை கால்களுக்கு வைத்துக் கட்டும் சிம்பு செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, வாரம் 30 பவுனுக்குச் சின்னக் கோஷ்டியில் ஆடியவர். 2012-ல் லெஸ்டர் அவரை 10 லட்சம் பவுனுக்கு வாங்கியபோது, "இது கொஞ்சம் அதிகம்" என்றவர்கள் உண்டு. 2014-15-ல் அவர் போட்டது 5 கோல். அடுத்த வருஷம் 24. அதில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டது லீக்கில் புதிய சாதனை.

மாரேஸ் பாரிஸ் நகரத்துப் புறநகர்ப் பையன். ஒல்லிக்குச்சி. லெஸ்டரின் ஆள்தேடும் நிபுணர் ஸ்டீவ் வால்ஷ், பிரான்ஸில் வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் இவர் கண்ணில் பட்டார். விலை 5 லட்சம் பவுனுக்கும் குறைவு. 2016-ல் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டு, ஆண்டின் சிறந்தவர் என்று இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். இலை எடுத்தவர் யார்?

எங்கோலோ கான்டே. அவரும் பாரிஸ் புறநகர்தான். ஐந்தடி ஆறங்குலம். 2015 ஆடியில் பிரான்ஸின் கான் கோஷ்டியிலிருந்து சுமார் 56 லட்சம் பவுனுக்கு வந்தார். உருவத்தைப் பார்த்து ரானியேரியே முதலில் தயங்கினாராம். வால்ஷ் விடாமல் அவர் காதில் அந்தப் பெயரையே ஓதிக்கொண்டிருந்தார். ஜாதகம் கணித்தவர்கள் இவருக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம். கோல் போடுகிறவர் இல்லை; வித்தை காட்டுகிறவர் இல்லை; பேசவும் மாட்டார்.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. எதிரியின் காலிலிருந்து பந்தை எடுத்துத் தம் கோஷ்டியிடம் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடுவது. அந்த வருஷம் எதிரியை நேரே மறித்துப் பந்தைத் தட்டியது 175 தடவை. குறுக்கே புகுந்து மடக்கியது 156 தடவை. இரண்டிலும் லீக்கில் அவரே முதல். "எங்கள் நடுக்களத்தில் மூன்று பேர். நடுவில் டிரிங்க்வாட்டர், அவருக்கு இந்தப் பக்கம் கான்டே, அந்தப் பக்கமும் கான்டே" என்று வால்ஷ் வேடிக்கையாகச் சொல்வார். இலை எடுப்பவர் ஓடியதால்தான் மாரேஸும் வார்டியும் அடுத்த பந்தி பரிமாற முடிந்தது!

★

செல்ஸியில் என்ன ஆயிற்று? ஜெயித்த அலுப்பு, வயதான பின்னணி, ஹஸார்டின் சோர்வு என்று பல காரணம் சொல்வார்கள். 2014-15-ல் 32 கோல் வாங்கிய கோஷ்டி, அடுத்த வருஷம் 53 வாங்கிற்று. ஆனால் முதல் விரிசல் முதல் நாளே விழுந்தது. அதை நம் பெண் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகஸ்டு 8-ந் தேதி ஸ்வான்ஸியோடு ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று சமம். செல்ஸியில் ஒருவர் வெளியேற்றப்பட்டு 10 பேர்தான் மிச்சம். கடைசி நிமிஷங்களில் ஹஸார்டு கீழே விழுந்தார். நடுவர் கை காட்டினார். கோஷ்டியின் டாக்டர் ஈவா கார்னேரோ என்ற பெண்மணி, உதவியாளருடன் ஓடிப்போய்ச் சிகிச்சை செய்தார். விதிப்படி, சிகிச்சை பெற்றவர் சற்று நேரம் வெளியே நிற்க வேண்டும். கோஷ்டி 9 பேராயிற்று. மொரீன்யோவுக்கு வந்ததே கோபம்! "ஆட்டம் புரியாதவர்கள்" என்ற தோரணையில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையிலேயே குறை சொன்னார். டாக்டர் மைதானத்தின் பக்கமே வராதபடி ஆயிற்று. செப்டம்பரில் அவர் விலகினார், வழக்குத் தொடர்ந்தார். 2016 ஜூனில் சமரசம் ஏற்பட்டது. அவர் விதிப்படியே நடந்தார், ஆட்டக்காரரின் ஆரோக்கியத்தையே முதலில் நினைத்தார் என்று செல்ஸி கிளப் ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது.

விழுந்தவனைத் தூக்கப் போனவரைக் கடிந்துகொள்கிற வீடு எப்படி இருக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சம்பவம் ஒன்றினால்தான் செல்ஸி விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே நல்லிணக்கம் இல்லாத கோஷ்டி என்பது எந்த ஜாதகக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

★

"அப்படியானால் சரியான கேள்வி கேட்டிருந்தால் லெஸ்டர் ஜெயிக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமா?" என்று கேட்பீர்கள். முடியாது. அதிர்ஷ்டமும் கூடத்தான் வந்தது. பெரிய கோஷ்டிகள் எல்லாம் ஒரே வருஷத்தில் தடுமாறுவது அபூர்வம். ஆனால், "இவர்கள் கீழே இறங்குகிற ஆட்கள் இல்லை; இவர்களைக் குறைவாக எடை போடுகிறீர்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஜாதகம் கணிப்பதால் உண்டாகும் லாபம் அவ்வளவுதான். அதுவே பெரிய லாபம்.

அதற்கு அத்தாட்சி அடுத்த வருஷமே கிடைத்தது. 2016 ஆடியில் கான்டேயை சுமார் 3 கோடி பவுனுக்கு யார் வாங்கினார்கள் என்கிறீர்கள்? செல்ஸி! 2016-17-ல் செல்ஸி 93 பாயிண்டோடு சாம்பியன். லெஸ்டர் 44 பாயிண்டோடு 12-வது இடம். கோப்பை வாங்கிக் கொடுத்த ரானியேரியையும் 2017 பிப்ரவரியில் அனுப்பிவிட்டார்கள். லெஸ்டர் 2023-ல் கீழ் வகுப்புக்கு இறங்கி, 2024-ல் ஏறி, 2025-ல் மறுபடி இறங்கியது. ஒரு தடவை அறுவடை அமோகமாக இருந்தால் மறு பட்டத்துக்கு விதை நெல் வேண்டாம் என்று அர்த்தமில்லையே!

ஆகவே, அடுத்த ஆடியில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஜாதகம் வாசிக்க ஆரம்பித்தால் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்: போன வருஷக் கடைசியில் எப்படி ஆடினார்கள்? பலவீனத்தை மறைக்கிற ஏற்பாடு இருக்கிறதா? வாரத்தில் எத்தனை ஆட்டம், ஓய்வு எவ்வளவு? உள்ளே ஒருவருக்கொருவர் மரியாதை உண்டா? பிள்ளை திருதிருவென்று விழிப்பான்.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளைக்குப் பேசவே வராது என்கிறாயே? நல்லவேளை, இலை எடுக்கப் பேச்சு எதற்கு!" என்றார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "சாப்பாடு ஆயிற்று. உன் தட்டை யாரடா எடுக்கப் போகிறது?" என்றார்.

பேரன் மறு பேச்சில்லாமல் எழுந்து எடுத்தான்.